பெட்டிக்காரர் அடைத்த ஓட்டை

பெட்டிக்காரரின் கூரை ஒழுக ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. வெளியே நல்ல வெயில். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. அதுதான் பலகைத் தளத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு இருந்த ஓட்டை வழியாக இறங்கி, கீழே குனிந்து மரம் இழைத்துக்கொண்டிருந்தவரின் பிடரியில் சொட்டியது. அவர் துடைத்துப் பார்த்தார். கையில் ஈரமில்லை. வெதுவெதுப்பு மட்டும் இருந்தது, தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி. கூடவே, ஒரு கம்மலைத் தொலைத்துவிட்டு, மிஞ்சிய ஒற்றையை வீச மனமில்லாமலும் போட வழியில்லாமலும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் அவர் மனசுக்குள் வந்து நின்றாள். பெட்டிக்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார். பொழுது சாய்வதற்குள், ஒற்றைக் கம்மல் மட்டும் வைப்பதற்கென்று கட்டைவிரல் அளவில் ஒரு பெட்டி செய்து முடித்துவிட்டார்.

அதற்கு முன் எட்டு வருஷமாக அவர் ஒரே பெட்டியைத்தான் செய்துகொண்டிருந்தார். நீள்சதுரம், வெளிர் மரம், ஒரு மூடி. குறை சொல்ல முடியாத பெட்டி. மூலைகள் இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி கோத்துக்கொள்ளும். ஆணி கிடையாது, பசை பேருக்குத்தான். மூடியை வைத்தால் அது சட்டென்று விழாது. உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பெருமூச்சோடு இறங்கி உட்காரும். மாதக் கடைசி ஞாயிறுகளில் நகரமன்றக் கூடத்தில் கைவேலைக்காரர்களின் சந்தை நடக்கும். ஒரு சந்தையில் ஒருவர் அந்தப் பெருமூச்சை நாலு தரம் கேட்டு ரசித்துவிட்டு, "கை இருக்கு, கற்பனைதான் இல்லை" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். சொன்னவர் அடுத்த மேஜையில் சோப்பை முகர்ந்து பார்க்கும்போதே அதை மறந்திருப்பார். பெட்டிக்காரருக்கு அது நகக்கண்ணில் ஏறிய சிராய். எடுக்கவும் வரவில்லை, ஆறவும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள், "இது நானே நினைச்சு செஞ்சது" என்று வருகிறவர்களிடம் சொல்லும்போதெல்லாம், அவர் பெட்டிகளை வரிசைப்படுத்துகிற சாக்கில் குனிந்துகொள்வார். கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அந்தக் கட்டடம் முன்பு ஏதோ கிடங்காக இருந்தது. மூன்று தளம், மூன்றுக்கும் மரப்பலகைத் தரை, பக்கவாட்டில் இரும்புப் படி. கீழே ஷூக்காரர். அறுபது வயதுக்காரர், அளவெடுத்து மாதம் மூன்று ஜோடி தைப்பார், நாலாவது ஜோடி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடமிருந்து பேச்சு வாங்குவதைவிட ஷூ வாங்குவது சுலபம் என்பார்கள். அவர் தைத்த ஷூவுக்குள் காலை விட்டால், அது மெல்லப் பெருமூச்சு விட்டுப் பாதத்தை ஏற்றுக்கொள்ளும். கடையின் நட்டநடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி எப்போதும் இருக்கும். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். தோல் ஊறவைக்கிற வாளி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுத்தளத்தில் பெட்டிக்காரரும் அவருடைய அக்காவும். அக்கா கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வார்னிஷ் பூசுவது அவள் பொறுப்பு. வாய் துடுக்கு, கை நிதானம். மேல்மாடி ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. அதில்தான் இந்தப் பெண் வந்தாள். வெட்டுத்துணிகளை ஒட்டி, மேலே நூலோட்டிப் படம் தைப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தையல் மெஷின், பதினாலு மூட்டைத் துணி, ஒரு பூனை. பூனை மறுவாரமே ஷூக்காரர் கடைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் சிக்கனக்காரரே தவிரக் கெட்டவரில்லை. ஒழுகுகிறது என்று சொன்னதும் குழாய்க்காரரை அனுப்பினார். அவர் ஏணி போட்டு ஏறி, ஓட்டைக்குக் கீழே விரலை நீட்டி, ஒரு சொட்டை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, "இது தண்ணி இல்லீங்க. எங்க வேலையில சேராது" என்றார். போகும்போது, சின்ன வயசில் தான் ஒரு புல்லாங்குழல் செய்ய நினைத்து விட்டுவிட்டதாக, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

மூன்று வருஷம் ஒழுகியது. சில நாள் காலையில் நாலு சொட்டு, சில வாரம் ஒன்றுமில்லை. தொட்டால் தெரியும், தொடாமல் விட்டால் பொழுது சாய்வதற்குள் தட்டிலேயே உலர்ந்துவிடும். பெட்டிக்காரர் ஒன்றையும் உலரவிடவில்லை. அனுப்பாமல் போன கடிதங்களுக்கு ஒரு பெட்டி செய்தார். அதில் போட வாயுண்டு, எடுக்க மூடியில்லை. இறந்துபோனவரின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பெட்டி. திறந்தால் கண்ணாடி படிக்கிற கோணத்தில் எழுந்து நிற்கும். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் திறக்கிற பெட்டி ஒன்று. அதை வாங்கிப்போன தம்பதி உள்ளே என்ன வைத்தார்கள் என்பது தெரியாது; ஆனால் மறுபடி வந்து இன்னொன்று கேட்டார்கள். சந்தையில் அவர் மேஜை முன்னால் கூட்டம் நின்றது. இரண்டாம் வருஷம் நகரமன்றம் ஒரு சால்வையும் கண்ணாடிக் கேடயமும் கொடுத்தது. ஒரு பத்திரிகைக்காரம்மா வந்து, "இவ்வளவு யோசனை உங்களுக்கு எங்கேருந்து சார் வருது?" என்று கேட்டார். பெட்டிக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். கூரையைக் காட்டி, "மேலேருந்து வருது" என்றார். அடக்கமும் பக்தியும் உள்ள கலைஞர் என்று அச்சில் வந்தது. தெருவில் இரண்டு பெரியவர்கள் அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் கைகூப்பினார்கள்.

அக்கா மட்டும் இதற்கெல்லாம் மயங்கவில்லை. "உனக்கென்னடா, மேல ஒருத்தி யோசிக்கிறா, கீழ நீ சால்வை வாங்குற. நடுவுல ஒரு தட்டுதான் செலவு" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள். ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் எவ்வளவு நின்றாலும், "இது நானே நினைச்சு செஞ்சது" என்கிற வாக்கியம் இன்னும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தொண்டை வரைக்கும் வரும். கூரை ஞாபகம் வரும். திரும்பப் போய்விடும்.

மூன்றாம் வருஷக் கடைசியில் அவர் ஒரு சாவிப்பெட்டி செய்தார். காலி செய்துவிட்டு வந்த வீடுகளின் சாவிகளை மாட்டிவைப்பதற்கு, உள்ளே ஏழு கொக்கி. ஏன் ஏழு என்று அவருக்கே தெரியாது. சொட்டு அப்படித்தான் சொன்னது. அன்று மேல்மாடிக்காரி அக்காவிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்க இறங்கி வந்தாள். பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. அவள் ஒவ்வொரு கொக்கியாக விரலால் தொட்டு எண்ணினாள். ஏழாவதில் விரல் நின்றது.

"யாருக்குண்ணே இது? இத்தனை வீடு மாறினவங்க யாரு?"

"யாருக்கும் இல்லம்மா. சும்மா தோணுச்சு."

சொன்ன உடனே பெட்டிக்காரருக்குக் காது சூடானது. தோன்றியது அவருக்கல்ல என்பது அவருக்குத் தெரியும். அவள் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் படியில் நின்று அக்காவிடம் சொன்னாள்: "இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. ஒரு படத்தைக் கையில எடுத்தா, முடிக்கிற வரைக்கும் வேற எதுவுமே மனசுல வரமாட்டேங்குது. அப்படியே வெறிச்சுனு கிடக்கு."

"நல்லதுதானேடி" என்றாள் அக்கா.

"அதான்கா, ஆச்சரியமா இருக்கு" என்று மேல்மாடிக்காரி சிரித்தாளாம். ஆனால் பெட்டிக்காரர் அதற்குள் கதவைச் சாத்திவிட்டிருந்தார். அவர் காதில் 'வெறிச்சுனு கிடக்கு' வரைக்கும்தான் விழுந்தது. அது போதுமாயிருந்தது. தன் வீட்டுத் தட்டு நிறைய நிறைய, மேலே ஒருத்தியின் மனசு வறண்டுகொண்டே போயிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மூன்று வருஷமாக ஒரு பெண்ணின் யோசனைகளை அவளுக்குத் தெரியாமல் உறிஞ்சி, அதற்குச் சால்வையும் வாங்கியாயிற்று. நேரில் போய்ச் சொல்லலாம். எந்த முகத்தோடு சொல்வது? அவர் பெட்டி செய்கிறவர். பேசத் தெரியாத விஷயங்களை மூடிவைக்கத்தான் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒரு தக்கை செதுக்கினார். கருங்காலித் துண்டு, ஓரங்குல நீளம், ஒரு மயிரிழை கூம்பலாக. ஓட்டையின் வட்டம் சரியான வட்டமில்லை. கூரைப் பலகையில் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அதன் கோணலை அப்படியே எடுத்து, தக்கைக்கும் அந்தக் கோணலையே கொடுத்தார். ஏணியில் ஏறிப் பொருத்தி, சுத்தியலால் மூன்று தட்டு தட்டினார். தக்கை பெருமூச்சு விட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. வேறு யாராவது கந்தலையோ சிமென்ட்டையோ வைத்து அடைத்திருந்தால் கொஞ்சமாவது கசிந்திருக்கும், வந்த வினையும் அதோடு போயிருக்கும். அடைத்தது பெட்டிக்காரர். பிறகு ஒரு சொட்டும் வரவில்லை.

அவர் பழைய நீள்சதுரப் பெட்டிக்குத் திரும்பினார். சந்தையில், "புதுசா ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். கூட்டம் சோப்பு மேஜைக்குப் போனது. அவருக்கு மனசு சுத்தமாக இருந்தது, காலியாகவும் இருந்தது. சுத்தத்துக்கும் காலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் நாள் முழுக்க இழைத்தார். இவ்வளவுதானா நான் என்று இழைத்தார். சில நாள் மரச்சீவல்மேல் கண்ணீர் விழுந்ததை அக்கா பார்த்தாள். வார்னிஷ் டப்பாவைத் திறந்து, "நெடி கண்ணைக் கரிக்குது, ஜன்னலைத் திறடா" என்று மட்டும் சொன்னாள். அவள் வாய் துடுக்குதான், ஆனால் எங்கே மூட வேண்டும் என்று தெரியும்.

மேலே முதலில் மாறியது சத்தம். முன்பெல்லாம் மெஷின் ஓடினால் ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓடும். இப்போது ஓடும், நிற்கும், வேறு நூல் மாட்டி ஓடும், மறுபடி நிற்கும். பத்தாம் நாள் படிக் கம்பியில் பாதி தைத்த துணிகள் தொங்கின: கால் முளைத்த கிணறு, பாதிக் குதிரை, முகம் வரைக்கும் வந்து நின்றுபோன ஒரு கிழவர். இருபதாம் நாள் அவள் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். நாற்பதாம் நாள் முழங்காலுக்கு மேல். கேட்டால் பாதி வாக்கியம் சொல்லிவிட்டு வேறு எதையோ நினைத்துச் சிரிப்பாள், அதற்குள் இன்னொன்று வந்து சிரிப்பும் பாதியில் நிற்கும். அக்கா ஒருநாள் தேநீர் எடுத்துக்கொண்டு மேலே போனாள். அறைக்குள் இடுப்பளவு நின்றது. தெளிவாக, வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல். வெட்டுத்துணிகள் மிதந்துகொண்டிருந்தன. தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றி, கட்டிலுக்கு நாலு பக்கமும் செங்கல் கொடுத்திருந்தது. அக்கா டம்ளரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்து கொடுத்துவிட்டு வந்தாள். கீழே வந்தவளின் புடவை உலர்ந்தேதான் இருந்தது. ஆனால் ஜென்மத்தில் எதையும் செய்ய ஆசைப்படாதவள், வார்னிஷ் டப்பாவுக்குக் கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்ன ஆரம்பித்தாள். அதை முடிக்காமல் ஏணிக்கு ஒரு சட்டை பின்னினாள். ஒருவாரம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

பெட்டிக்காரர் தொப்பியைப் பார்த்தார், ஏணியின் சட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிய ஆரம்பித்தது. புரிந்தும் பேசாமல் இருந்தார். தக்கையை எடுத்தால், 'மூணு மாசம் தாங்கலையா, சால்வை கேட்குதா?' என்று தன் மனசே தன்னைக் கேட்கும் என்று பயந்தார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த காரியத்தைக் கலைப்பது, கெட்ட காரியத்தைக் கலைப்பதைவிடக் கஷ்டம்.

மூன்று மாதம் முடிந்த அன்று, காலை பத்து மணிக்கு மேல்மாடிக்காரி கதவைத் தட்டினாள். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். அங்கே தரை சிமென்ட், யோசனைக்கு இடமில்லை.

"அந்தச் சாவிப்பெட்டி இன்னும் இருக்காண்ணே? இருந்தா எனக்குக் குடுங்க. இன்னொரு கொக்கி மட்டும் சேர்த்து அடிச்சிடுங்க. எட்டாவது."

பெட்டிக்காரர் பெட்டியை எடுத்தார். கொக்கியை எடுத்தார். சுத்தியலை மட்டும் எடுக்கவில்லை.

"ஏம்மா போற?"

"எல்லா வீட்டுலயும் இதே கதைதாண்ணே" என்று அவள் இழைப்பு மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள். காலைத் தரையில் வைக்க இன்னும் அவளுக்குப் பயமாக இருந்தது போலும். "குடிபோன ஒரு மாசத்துல கணுக்கால் வரைக்கும் வந்துடும். அப்புறம் இடுப்பு. ஒண்ணை எடுத்தா ஒன்பது வந்து மோதும். எதையுமே முடிச்சதில்ல. ஏழு வீடு மாறியாச்சு. எங்கம்மா, இவளுக்கு அரைக்கிணறு தாண்டுற ராசினு சொல்லுவாங்க. இங்கதான் முதல் தடவையா தரை தெரிஞ்சுது. ஒண்ணு நினைச்சா ஒண்ணுதான் இருக்கும். மத்ததெல்லாம் எங்கயோ போயிடும், நிம்மதியா. முடிச்சேண்ணே! ஒண்ணு ரெண்டு இல்ல, பத்தொன்பது படம் முடிச்சேன். அதான் அன்னிக்கு அக்காகிட்ட சந்தோஷமா சொன்னேன். சொல்லி வாய் மூடல, மறுநாளே ஏற ஆரம்பிச்சிடுச்சு. என் வாய்தான் கண்ணு வெச்சிடுச்சு போல."

அக்கா வார்னிஷ் பிரஷ்ஷை டப்பாவில் வைத்தாள். வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பெட்டிக்காரர் முப்பது வருஷம் சின்னவராகிவிட்டார்.

"உன் வாய் இல்லம்மா" என்றார். "நான்தான்."

கூரையைக் காட்டினார். மேல்மாடிக்காரி மேஜைமேல் எழுந்து நின்று, தலையைச் சாய்த்து, தக்கையை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே பலகை முடிகிறது, எங்கே தக்கை தொடங்குகிறது என்று நகத்துக்குக்கூடத் தெரியவில்லை.

"அடப் பாவி மனுஷா" என்றாள். "இவ்வளவு நல்லாவா அடைப்பீங்க?"

பெட்டிக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கம்மல், கடிதம், மூக்குக் கண்ணாடி, கேடயம், பத்திரிகை. அவளுடைய சொத்தில் மூன்று வருஷம் பிழைத்ததாகச் சொன்னார். அவள் அலமாரியில் மிச்சமிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடினாள். ஒற்றைக் கம்மல் பெட்டியை மட்டும் காதோடு வைத்து, மூடுகிற சத்தத்தைக் கேட்டாள்.

"கம்மலைத் தொலைச்ச பொண்ணு எனக்கு வந்தவதான், ஞாபகம் இருக்கு. ஆனா நான் அவளைக் கிணத்தடியில நிக்கவெச்சு அழவிடலாம்னு இருந்தேன். பெட்டினு எனக்குத் தோணவே இல்லையே?" பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் பிடுங்குங்க. மேல என் மெஷின் மூழ்கப்போகுது."

பிடுங்க முடியவில்லை. பிடிக்க இடமே வைக்காமல் செய்திருந்தார். குறடு வழுக்கியது, உளி நுழையவில்லை. அவள் மேலே ஓடிப்போய் இடுப்பளவில் முங்கி மேலிருந்து குத்தியும் அசையவில்லை. கடைசியில் டிரில்லை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். செய்ததிலேயே நல்ல வேலையை நடுவில் துளைப்பதற்கு எந்தக் கைவேலைக்காரனுக்கும் மனசு வராது. அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கிட்டு அடிடா" என்றாள். கண்ணைத் திறந்துகொண்டேதான் துளைத்தார். நேராக, மையத்தில், கோணாமல். தக்கை இடத்தை விட்டு நகரவில்லை. நடுவில் மட்டும் வழி விட்டது.

மூன்று மாதம் அரைமணி நேரத்தில் இறங்கியது. அலுமினியத் தட்டு முதல் நொடியிலேயே நிறைந்தது. அக்கா அண்டா, வாளி, பிசின் காய்ச்சுகிற சட்டி என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். இருந்த பெட்டிகளையெல்லாம் திறந்து வைத்தாள். பெட்டிக்காரர் ஏணியிலேயே தலை முதல் கால்வரை நனையாமல் நனைந்தார். கால் முளைத்த கிணறு அவர் வழியாகப் போனது, குதிரையின் மறுபாதி போனது, கிழவரின் முகம் போனது. பிடித்துவைக்க அவர் கையை நீட்டவில்லை. மேலே மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரே சீராக, நிற்காமல்.

அப்போது கதவை யாரோ காலால் தட்டினார்கள். ஷூக்காரர். பதினோரு வருஷத்தில் அவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையிலும் நீல வாளி, விளிம்பு வரை. தோளில் பூனை.

"என்ன தம்பி இது? வழக்கமா சொட்டுதானே வரும். இன்னிக்கு இப்படி ஊத்துனா நான் எங்க போவேன்? ரெண்டு வாளி பின்பக்கம் கொட்டிட்டேன், இது மூணாவது."

பெட்டிக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். "வழக்கமானா?"

"வழக்கமாத்தான்."

"மூணு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா. நீங்க குடிவந்த மூணாம் நாள்லேர்ந்து." ஷூக்காரர் வாளியைக் கீழே வைத்தார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். இருந்தாலும் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத் தொடர்ந்தார். "அவசரமில்லாம மூடுறது எப்படினு விழுந்துச்சு. உள்ள இருக்கற காத்தை நோகாம வெளிய அனுப்பறது எப்படினு விழுந்துச்சு. தூங்கறவங்களை எழுப்பாம வீட்டுக்குள்ள வர்றவன் எப்படிக் காலை வெப்பான்னு ஒரு நாள் முழுக்க விழுந்துச்சு. நான் அதை வெச்சுதானே தைக்கிறேன்?"

"அது… என்னோடதா?"

"வேற யாரோடது? அப்ப மேல ஆளே இல்லையே." அவர் தக்கையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நடுவுல மூணு வருஷம் கொஞ்சம் கம்மிதான். நீங்க எந்நேரமும் கூரையையே பாத்துட்டு இருந்தீங்க போல. இந்த மூணு மாசம்தான் வாளி தாங்கல. ஒரு நாள் நிறைய உப்பாக்கூட இருந்துச்சு. ஆனா நல்ல சரக்கு."

கூரையிலிருந்து கடைசிப் பெருக்கு ஓய்ந்து சொட்டாகிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "பதினோரு வருஷமா கீழ ஒரு வாளி வெச்சிருக்கீங்க. மேல வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா அடைச்சிடுவாரோன்னு பயம்" என்றார் ஷூக்காரர். பூனையைத் தடவிக்கொண்டு கீழே போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. மேல்மாடிக்காரி காலி செய்யவில்லை. கோப்பு அடுக்குகிற வேலைக்கு அவளுடைய அண்ணன் மனைவியின் தம்பி போனான், நன்றாக அடுக்குகிறானாம். சாவிப்பெட்டி அவள் கதவோரம் தொங்குகிறது. எட்டாவது கொக்கியில் ஒன்றுமில்லை. அவள் அதில் எப்போதாவது நூற்கண்டு மாட்டுகிறாள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, மேலிருந்து கீழே இறங்குவதை எந்தத் தளத்தாரும் அடைக்கலாகாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஷூக்காரர் வாளிகளைக் கொட்டிய பின்பக்கத்து மரத்தில் காகங்கள் இப்போது மூடி வைத்துக் கூடு கட்டுகின்றன. அடைகாக்கும் பருவத்தில் கவனித்தால், காகம் வெளியே போகும்போது மூடி மெல்ல இறங்கும், சின்னதாக ஒரு பெருமூச்சு கேட்கும். அக்கா ஏணியின் சட்டையை முடித்துவிட்டாள்.

போன மாதம் அதே பத்திரிகைக்காரம்மா மறுபடி வந்தார். பெட்டிக்காரர் மேஜையில் அப்போது ஒரு புதுப்பெட்டி இருந்தது. மேலிருந்து சொட்டியதில் கொஞ்சம், தனக்குள் ஊறியதில் கொஞ்சம். எது எங்கே முடிகிறது என்று நகத்துக்குத் தெரியாது. பத்திரிகைக்காரம்மா பெட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், தற்செயலாக நிமிர்ந்தார். கூரைப் பலகையில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், நடுவில் ஒரு சின்னத் துளை.

"அது என்ன சார், அவ்வளவு நேர்த்தியா இருக்கு?"

"அதுவா?" என்றார் பெட்டிக்காரர். தொண்டை வரைக்கும் வந்தது, இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. "அது நானே நினைச்சு செஞ்சது."

அவர் சொல்லி முடிக்கும்போது ஒரு சொட்டு விழுந்தது. பத்திரிகைக்காரம்மா நோட்டை ஒருபக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டார்.